ஜெபக் குறிப்புகளுக்குப் பூட்டு போட்ட வாரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் சாட்சி சொல்லும் ஆராதனையில் எழுந்து நிற்பேன். மைக் கைக்கு வரும். வாயில் வேறு ஏதாவது வரும். ஒரு வருடம் என் மனைவியின் சிறுநீரகக் கல் தானாக வெளியே வந்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னேன். அடுத்த வருடம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் அதே கல்லுக்காக மறுபடியும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எத்தன வருஷத்துக்குத்தான் என் கல்லையே தூக்கிக்கினு போவீங்க?" என்று கேட்டாள். பேச வராததை எழுதியாவது விடுவோம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

நான் படித்தது ப்ளஸ் டூ. அதோடு டைப்ரைட்டிங் லோயர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. தோல் கட்டுகளுக்கு லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான் என்பதால் அதை மறுபடி ஓட வைப்பதும் என் தலையில் விழுந்தது. நாலு தடவை ஓட வைத்ததும் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று கம்பெனியில் முடிவாகிவிட்டது. அந்தச் செய்தி எப்படியோ சபைக்கும் போய்ச் சேர்ந்தது.

எங்கள் ஊரில் ஒரு ஜெப மையம் உண்டு. பெயர் வேண்டாம். ஒரு கடையின் மாடியில் இரண்டு அறை. ஜனங்கள் தங்கள் கஷ்டங்களை எழுதி அனுப்புவார்கள். போனில் சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் அழுவார்கள். அவற்றுக்கு ஜெபக் குறிப்பு என்று பெயர். முறை வைத்து ஊழியத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார்கள். வேலூர் பக்கம் பாகாயத்தில் ஒரு சின்னக் கிளையும் இருக்கிறது. கலவை என்ற ஊர்ப் பக்கத்திலிருந்தும், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீடுகளிலிருந்தும்கூடக் குறிப்புகள் வரும். அனுப்புகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று நாங்கள் கேட்பதில்லை.

ஒரு கஷ்டம் இருந்தது. குறிப்பு அனுப்பியவர் ஆறு மாதம் கழித்து போன் செய்து, "என் மருமகனுக்காக ஜெபிச்சீங்களே, இப்ப பரவால்ல" என்பார். எந்த மருமகன், என்ன வியாதி என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. "ஆமாம்மா, ஸ்தோத்திரம்" என்று பொதுவாகச் சொல்லி வைப்போம். அது எங்களுக்கே கூச்சமாக இருந்தது. அதனால் கம்ப்யூட்டர் படித்த சகோதரர் ஒருவர், பழைய கடிதங்களை எல்லாம் ஏற்றி, தேடிப் பார்க்கிற டேட்டாபேஸ் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். மூன்று கம்ப்யூட்டர்கள் ஒன்றாகச் சேர்ந்து அதை ஓட்டும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்ற இரண்டிலும் எல்லாம் இருக்கும். இப்படிச் சேர்ந்து ஓடுவதற்குக் கிளஸ்டர் என்று பெயர். பெயரையோ தெருவையோ வியாதியையோ அடித்தால், கண் இமைப்பதற்குள் முழுக் கடிதமும் திரையில் வந்துவிடும். அமைத்துக் கொடுத்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். பார்த்துக்கொள்வது என் பொறுப்பு ஆனது.

அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது. மையத்தின் வைஃபையில் இருக்கிற யாரும் திறக்கலாம், யாரும் படிக்கலாம். அது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றியதில்லை. ஜெபம்தானே என்று இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை, கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தையல் பிரிவில் வேலை செய்கிற ஒரு பெண் டிபன் பாக்ஸோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஷூவின் மேல்பாகம் தைப்பவள். எங்கள் சபைப் பெண்தான். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வேலூரில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர்.

"அண்ணா, சென்டர் கம்ப்யூட்டர நீங்கதான பாத்துக்கிறீங்க?"

"ஆமாம்மா."

"அதுல பழைய லெட்டர்லாம் இருக்குமா?"

"எல்லாம் பத்திரமா இருக்குதும்மா. ஒண்ணுகூடப் போகல" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

ப்ளஸ் டூ படிக்கும்போது அவள் மையத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். உடம்பு சம்பந்தமான ஒரு விஷயம். அது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. உடம்பு சம்பந்தமானது, இவ்வளவு போதும்.

"அவருக்கு மொத நாளே சொல்லிட்டேன்ணா" என்றாள். "அவரு லேப்ல இருக்கிறவரு, என்னவிட அவருக்குத்தான் ஜாஸ்தி தெரியும். அவருக்கு அம்மா அப்பா இல்ல, பெரியம்மாதான் எல்லாம். சனிக்கெழம அவரு லீவு. ரெண்டு பேரும் சேந்து போய், எங்க வாயாலயே அவங்ககிட்ட சொல்றதுன்னு பேசி வச்சிருக்கோம். அதுக்குள்ள வியாழக்கெழம வருதே."

"வியாழக்கெழம இன்னாம்மா?"

"நேத்து வீட்டுக்கு வந்தாங்க. என் பேரு, எங்கப்பா பேரு, தெரு பேரு எல்லாம் ஒரு சீட்டுல எழுதிக்கினாங்க. 'வியாழக்கெழம சென்டர்ல என் முற. உன்ன ஜெபத்துல வச்சிப் பாக்குறேன்'ன்னாங்க."

அந்தப் பெரியம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை தவறாமல் வருவார். ஜெபத்தில் வைத்துப் பார்ப்பது என்றால், கண்ணை மூடி ஆண்டவரிடம் கேட்பது. அவரும் கேட்பார். உண்மையாகவே முழங்காலில் நின்று கேட்பார். ஆனால் கண்ணை மூடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை கேட்டுவிடுவார்.

"தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்க?"

"தெரியலண்ணா. நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க. நின்னாக்கூடப் பரவால்ல. நாங்க மறைச்சோம்னு நெனச்சிடுவாங்க. நாங்க சொல்றதுக்குள்ள அவங்களே படிச்சிட்டா, அப்பறம் நாங்க இன்னா சொன்னாலும் மாட்டிக்கினு சொன்ன மாதிரி ஆயிடும்." பிறகு மெதுவாக, "அத அழிச்சிடுங்கண்ணா" என்றாள்.

அழிப்பது சுலபம். பாஸ்வேர்டே இல்லாத இடத்தில் ஒரு வரி அடித்தால் கடிதம் போய்விடும். யார் அழித்தது என்றுகூட யாருக்கும் தெரியாது. ஆனால் வந்த குறிப்பை, அனுப்பியவர் பலன் கிடைத்து நன்றி சொல்லும்வரை அழிக்கக் கூடாது என்பது மையத்தின் விதி. ஆண்டவர் பெயரில் வந்த கடிதத்தை மையத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தெரியாமல் அழிக்க எனக்குக் கை வரவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இவளாவது வந்து கேட்கிறாள். கேட்காமல் இருக்கிறவர்களின் கடிதம் எத்தனை அதற்குள் கிடக்கிறது?

"அழிக்க மாட்டேன்மா. வியாழக்கெழமைக்குள்ள பூட்டிடறேன்" என்றேன்.

எப்படிப் பூட்டுவது என்று எனக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் மையத்துக்குப் போய்ச் செயலாளர் ஐயாவைப் பார்த்தேன். ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். எதற்கும் ஒரு ரிஜிஸ்டர் போட்டு கையெழுத்து வாங்குகிறவர்.

"ஐயா, ஜெபக் குறிப்பு கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போடணும்."

"இன்னாத்துக்கு? அதுல இன்னா தங்கமா இருக்குது?"

"யார் வேணா படிக்கலாம் ஐயா. கீழ கடைக்காரருக்குக்கூட நம்ம வைஃபை தெரியும்."

"படிச்சா படிக்கட்டுமே. அவரும் ரெண்டு பேருக்கு ஜெபிப்பாரு."

பெண்ணைப் பற்றிச் சொல்ல முடியாது. மேசையில் அடுக்கியிருந்த ரிஜிஸ்டர்களைப் பார்த்தேன். பிறகு, "ஊழியத்துல இருக்கிற நாம எல்லாரும்கூடக் குறிப்பு எழுதியிருப்போம் ஐயா. அதுவும் அதுலதான இருக்கும்?" என்றேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீ எதையாச்சும் படிச்சியா?"

"இல்லீங்க ஐயா."

"புதன்கெழமைக்குள்ள முடிச்சிடு" என்றார்.

அந்தத் தேடும் டேட்டாபேஸைப் பூட்டும் முறை இன்டர்நெட்டில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. போனில் தமிழாக்கிப் படித்தேன். தமிழில் அது இன்னும் புரியவில்லை. மறுபடி இங்கிலீஷுக்கே போய், வரி வரியாக நோட்டில் எழுதிக்கொண்டேன். செய்ய வேண்டியது இரண்டு காரியம் என்று கடைசியில் பிடிபட்டது. ஒன்று, உள்ளே வருகிறவர் யார் என்று கேட்டுப் பாஸ்வேர்டு வாங்குவது. இரண்டாவது, மூன்று கம்ப்யூட்டர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை மறைப்பது. அதுவரை கடிதங்கள் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கும், பாகாயம் கிளைக்கும், போஸ்ட் கார்டு மாதிரி திறந்தபடியே போய்க்கொண்டிருந்தன. இனி ஒட்டிய கவரில் போக வேண்டும்.

அதற்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரிடமும் ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும். மூன்றிலும் ஒரே கையெழுத்து இருக்க வேண்டும். இது எனக்கு உடனே புரிந்தது. ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போனால், பழைய சபையின் போதகர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் புதுச் சபையில் பெயர் எழுத மாட்டார்கள். அதே ஏற்பாடுதான்.

புதன்கிழமை மத்தியானம் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டேன். ஜாக்கிரதையாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு, முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாவற்றையும் மாற்றி மறுபடி ஓட விட்டேன். அது எழுந்தது. எழுந்ததும் மற்ற இரண்டோடு பேச மறுத்துவிட்டது. அவை இரண்டும் கொஞ்ச நேரம் அதைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அது செத்துப்போனதாக எழுதி வைத்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்ந்தன. எங்கள் குடும்பங்களில் ஒருவர் மட்டும் வேறு சபைக்குப் போய் மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்தால் வீட்டில் நடப்பது இதுதான். தப்பு அந்தக் கம்ப்யூட்டர் பேரில் இல்லை. மூன்றையும் ஒன்றாக நிறுத்தி, ஒன்றாகவே மாற்றியிருக்க வேண்டும்.

மூன்றையும் நிறுத்தி வைக்க ஐயாவிடம் ஒரு மணி நேரம் கேட்டேன்.

"ஒரு மணி நேரம் குறிப்பு இல்லாம இவங்க இன்னா பண்ணுவாங்க?" என்றார்.

"நெனப்புல இருக்கிறவங்களுக்கு ஜெபிக்கட்டும் ஐயா."

அப்படியே செய்தார்கள். நான் அடுத்த அறையில் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்காகவும் ஜெபித்தார்கள் என்று பிறகு தெரிந்தது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று. ஒரு மணி நேரம் என்றது ஒன்றே முக்கால் ஆனது. மூன்று கம்ப்யூட்டர்களும் எழுந்து, ஒன்றின் சான்றிதழை ஒன்று பார்த்து, ஒன்றாகச் சேர்ந்தன. நான் அங்கேயே தலையைக் குனிந்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

கடைசியாக முக்கியமான பாஸ்வேர்டு. கம்ப்யூட்டரே ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது. எழுத்தும் எண்ணும் கலந்து இருபது. ஐயா அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இத எவன் நெனப்புல வச்சிக்கிறது? பெரிய பேஜாரா பூடும். எல்லாருக்கும் தெரிஞ்சதா, மறக்காததா ஒண்ணு போடு. இந்த வருஷ வாக்குத்தத்தத்தையே போட்டுடு."

எங்கள் பக்கம் ஒவ்வொரு புது வருடத்துக்கும் ஒரு வசனத்தை வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் முழுக்க அதுதான். பைபிளில் அது வருகிற ஆகமத்தின் பெயர், அதிகாரம், வசன எண், மூன்றையும் சேர்த்து எழுதினால் அழகான பாஸ்வேர்டு. அங்கிருந்த எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. கம்ப்யூட்டருக்குள் வேத வசனம் காவலுக்கு இருக்கிறது என்று நினைத்தபோது மனம் நிறைந்தது. அதையே போட்டேன். ஒருமுறை ஜெபித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி டீ கொடுத்தாள். டீயைக் குடித்துக்கொண்டே எதிரே சுவரைப் பார்த்தேன். மையத்தின் காலண்டர். அதில் தேதியைவிடப் பெரிய எழுத்தில், சிவப்பில், அந்த வருட வாக்குத்தத்தம். கீழே ஆகமம், அதிகாரம், வசனம். அந்தக் காலண்டரைச் சபையில் வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தோம். கம்பெனி டைம் ஆபீஸில் ஒன்று, கீழே கடையில் ஒன்று, ஆட்டோ ஸ்டாண்டில் ஒன்று. பிரியாணிக் கடையில் பில் போடுகிற பாய்கூட ஒன்று கேட்டு வாங்கி மாட்டியிருந்தார். நான் போட்ட பாஸ்வேர்டு ஆம்பூர் முழுக்க ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா அப்டிப் பாக்குறீங்க? தேதி மறந்துபோச்சா?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன். பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை, பாஸ்வேர்டைப் பற்றி மட்டும்.

"சரி, வேற மாத்திக்கலாம். யார்கிட்டருந்து பூட்டறீங்க?"

"வெளியாள்கிட்டருந்துதான்."

"வெளியாள் யாரு உங்க கடுதாசியப் படிக்கணும்னு காத்துக்கினு இருக்கான்? உள்ள இருக்கிறவங்கதான படிப்பாங்க. அவங்க எல்லார் கைலயும் ஒரே சாவியக் குடுத்துட்டா அதுக்குப் பேரு பூட்டா?"

பாஸ்வேர்டை ஆயிரம் தடவை மாற்றினாலும், ஊழியத்தில் இருக்கிற பெரியம்மாவுக்கும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று நாளாக நான் கீழ்க் கடைக்காரரிடமிருந்து பூட்டிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் மையத்துக்குப் போனேன். ஐயாவை எழுப்பிச் சாவி வாங்கிக்கொண்டேன். பெரியம்மா பத்து மணிக்கு வருவார். அதற்குள் முறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு ஏற்படுத்தினேன். அவர்கள் அந்த மாதம் வந்த குறிப்புகளை மட்டும் பார்க்கலாம். பழைய கடிதங்கள் ஐயாவின் பெயரில் மட்டுமே திறக்கும். யார் எப்போது என்ன தேடினார் என்பதைக் கம்ப்யூட்டரே எழுதி வைத்துக்கொள்ளும்படியும் செய்தேன். எல்லாவற்றுக்கும் மேலான பாஸ்வேர்டை, முதலில் கம்ப்யூட்டர் கொடுத்த அந்த இருபது எழுத்துக்கே மாற்றி, ஒரு தாளில் எழுதி ஐயாவின் பீரோவில் வைக்கக் கொடுத்தேன். ஐயா தன் பங்குக்கு ஒரு ரிஜிஸ்டர் போட்டார். பழைய கடிதம் வேண்டுகிறவர் தேதி, யாருடைய கடிதம், என்ன காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு அதில்தான் உண்மையான சந்தோஷம்.

பூட்டு பிடிக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். எனக்கென்று ஏற்படுத்திய ஊழியர் பெயரில் உள்ளே போய் ஒரு பழைய பெயரைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. நல்லது. மேலான பாஸ்வேர்டில் போனால் அதே பெயர் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். தேடினேன். வந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருந்தன. நான் அடித்தது அவள் பெயர்.

வந்த கடிதத்தை உடனே மூடியிருக்கலாம். மூடவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்தேன். பிறகுதான் மூடினேன். இதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் மைக் கையில் இருந்தும் வாய் வரவில்லை.

பத்து மணிக்குப் பெரியம்மா வந்தார். அவருடைய பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய சீட்டைக் கொடுத்தேன். உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து வேறொரு சீட்டை எடுத்துப் பார்த்துப் பார்த்து அடித்தார். நான் பக்கத்து மேசையில் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் அழுக்கு இல்லை.

"தம்பி, ஒண்ணும் வரலயே."

"இந்த மாசம் வந்தது மட்டும்தான்மா வரும். பழசு ஐயாகிட்ட."

"போன வாரம்கூட வந்துச்சே?"

"இன்னிக்குத்தான்மா பூட்டினோம்."

"இத்தன வருஷம் ஊழியம் செய்றேன், எனக்கே பூட்டா?"

"எனக்கும்தான்மா" என்றேன். அந்தக் காலையில் நான் சொன்ன பொய் அது. இனிமேல் எனக்கும்தான் என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன்.

அவர் எழுந்து ஐயாவின் மேசைக்குப் போனார். ஐயா ரொம்ப மரியாதையாக நாற்காலியைக் காட்டி, புது ரிஜிஸ்டரைத் திறந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

"யார் லெட்டர் வேணும் சிஸ்டர்? பேர் எழுதுங்க. பக்கத்துல காரணம் எழுதுங்க. கீழ ஒரு கையெழுத்து. உடனே எடுத்துக் குடுத்துடறேன்."

பெரியம்மா பேனாவைக் கையில் எடுத்தார். தேதியை எழுதினார். அடுத்த கட்டத்துக்கு மேல் பேனா நின்றது. நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பரவால்ல ஐயா. ஜெபத்துலயே வச்சிக்கிறேன்" என்றார்.

உள் அறைக்குப் போய் முழங்காலில் நின்றார். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

சனிக்கிழமை அவளும் மாப்பிள்ளையும் பெரியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா, "வியாழக்கெழம உன் பேர எழுதப் பேனாவ எடுத்துட்டேன். எழுதியிருந்தா இன்னிக்கு உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்" என்று சொல்லி அழுதாராம். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நடந்தது. பிரியாணி நன்றாக இருந்தது.

இவை எல்லாம் அடுத்த வாரம் கேன்டீனில் அவளே சொன்னது. சொல்லிவிட்டு, "ரொம்ப தேங்ஸ்ணா" என்றாள். என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

கம்ப்யூட்டர் எழுதி வைக்கிற பதிவின் முதல் வரியில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் அவள் பெயர். தோல் பதனிடும்போது ஒவ்வொரு தோலின் ஓரத்திலும் நம்பரைத் துளையாகவே போடுவார்கள். சுண்ணாம்பில் ஊறினாலும், டிரம்மில் சுற்றினாலும், சாயம் ஏறினாலும் அது போகாது. அந்த வரியும் அப்படித்தான். நானே ஏற்பாடு செய்தது.

"ஒண்ணு சொல்லணும்மா" என்றேன். "நான் உன் லெட்டரப் படிச்சிட்டேன். படிக்கணும்னு அவசியமே இல்ல. படிச்சிட்டேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்ணா."

"எப்டி?"

"புதன்கெழம வரைக்கும் என்னப் பாத்தா 'சாப்டியாம்மா'ன்னு கேப்பீங்க. வெள்ளிக்கெழமலருந்து 'உடம்பு எப்டிம்மா இருக்குது'ன்னு கேக்குறீங்க."

நான் தட்டை ஓரமாகத் தள்ளினேன்.

"அந்தக் கேள்விக்குத்தான்ணா பயந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஊர்ல எல்லாரும் அதயே கேட்டுட்டா, அப்பறம் வேற எதையும் கேக்க மாட்டாங்க."

"மன்னிச்சிக்கம்மா."

"சரிண்ணா. நாளைக்கு சாப்டியான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து வைத்தார். பெரியம்மா எழுதிய தேதி தனியாக நின்றது. அதற்குக் கீழே நான் தேதி எழுதினேன். அவள் பெயரை எழுத வேண்டாம், 'ஒரு கடிதம்' என்று எழுது என்றார். எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு நோட்டைத் தள்ளினேன்.

"கட்டத்தக் காலியா விடக் கூடாது" என்றார் ஐயா. "இல்லன்னா இல்லன்னு எழுது."

'காரணம்: இல்லை' என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

இப்போது மையத்தில் பழைய கடிதங்களைத் திறக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். மேலான பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதபடி ஐயாவே மாற்றிக்கொண்டார். எப்படி மாற்றுவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நின்றேன். காலண்டரில் உள்ளதைப் போட வேண்டாம் என்று மட்டும் கதவுக்கு வெளியிலிருந்து சொன்னேன். "எனக்குத் தெரியாதா?" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. அதில் கொஞ்சம் யோசனை தெரிந்தது.

எழுதியதை முதலில் அவளிடம்தான் காட்டினேன். இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. வேலூரில் இருக்கிறாள். போனில் முழுவதும் படித்துவிட்டு, தன்னை அடையாளம் காட்டுகிற இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். மற்றபடி அனுப்புங்கள் என்றாள். கடைசியில், "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்புவதானால் இருக்கிறபடியே அனுப்புங்கள். எங்கள் பக்கம் ஒரு சாட்சி ஆம்பூரில் கிளம்பினால் வேலூர் போய்ச் சேருவதற்குள் அதில் இரண்டு அற்புதம் ஏறிவிடும். இதில் ஏற்ற வேண்டாம். யாரும் குணமானதாகச் சேர்க்காதீர்கள். கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொண்டதாக எழுதாதீர்கள். அந்தப் பெண் யார், என்ன வியாதி என்று ஊகித்து அடைப்புக்குறியில் போடாதீர்கள். எனக்கு நல்ல பெயர் வரட்டும் என்று நான் படித்த இடத்தையும் வெட்டிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இதை அனுப்பவே வேண்டியதில்லை.